கண்ணுக்கு ஒரே பெயர்தான், ஸ்கீமா ஏன் மறுக்கிறது? பழைய செக்ரோல் எக்ஸ்எம்எல் கோப்புகள்

செக்ரோல்_சிப்பூட் கேட்டது:

வணக்கம். சுங்கை சிப்பூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பழைய செக்ரோல் (தொழிலாளர் வருகை, கூலிப் பதிவு) புத்தகங்களை எக்ஸ்எம்எல் கோப்புகளாக ஏற்றி வருகிறோம். பெரட்டு எண் (வருகைப் பதிவில் தொழிலாளியின் எண்), பெயர், வேலை, நாள், ரப்பர் பால் எடை எல்லாம் எக்செல் தாளில் தட்டப்படுகின்றன. ஒரு சிறிய பைத்தான் நிரல் அந்தத் தாளைக் கோப்பாக மாற்றுகிறது. உறுப்புப் பெயர்கள் எல்லாம் தமிழில். கோப்பு எப்படி அமைய வேண்டும் என்று விதிக்கும் ஸ்கீமா எக்ஸ்எஸ்டி 1.0. கோப்பு அதற்குப் பொருந்துகிறதா என்று சரிபார்க்கும் கருவி எக்ஸ்எம்எல்லின்ட்.

கோப்பு இப்படி இருக்கும்:

<செக்ரோல் பிரிவு="2">
  <ஃபைல்எண்>17</ஃபைல்எண்>
  <தொழிலாளர்>
    <பெரட்டுஎண்>1042</பெரட்டுஎண்>
    <பெயர்>பெருமாள்</பெயர்>
    <வேலை>மரம் வெட்டு</வேலை>
    <நாள்>14/03/1961</நாள்>
    <எடை அலகு="ராத்தல்">12½</எடை>
  </தொழிலாளர்>
</செக்ரோல்>

இரண்டு சிக்கல்கள்.

முதலாவது, சில கோப்புகளில் எக்ஸ்எம்எல்லின்ட் இப்படிச் சொல்கிறது (தமிழில் தருகிறேன்): "உறுப்பு 'தொழிலாளர்': இந்த உறுப்பு இங்கே எதிர்பார்க்கப்படவில்லை. எதிர்பார்ப்பது ( தொழிலாளர் )." இரண்டும் ஒரே சொல். ஸ்கீமாவிலிருந்து பெயரை நகலெடுத்துக் கோப்பில் ஒட்டினால் இந்தப் பிழை போய்விடுகிறது. கையால் மறுபடி தட்டினால் சில கணினிகளில் போகிறது, சிலவற்றில் போகவில்லை.

இரண்டாவது, அதே கோப்பை ஜாவாவில் ஓடும் சரிபார்ப்பியில் கொடுத்தால் ஸ்கீமா வரை போகவே இல்லை. <ஃபைல்எண்> வரியிலேயே "செம்மையாக அமையவில்லை" என்று நின்றுவிடுகிறது. எக்ஸ்எம்எல்லின்ட்டுக்கு அந்த வரியில் எந்தக் குறையும் இல்லை.

குறியாக்கம் யூடிஎஃப்-8தான், அதைப் பார்த்துவிட்டேன். எங்கே தேடுவது?

கெடா_நிரலர் சொன்னது:

"எதிர்பார்ப்பது" என்று அதே பெயரைக் காட்டினால் முதலில் பார்க்க வேண்டியது பெயர்வெளியை (ஒரு பெயர் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று காட்டும் முகவரி). எக்ஸ்எம்எல்லின்ட் பெயர்வெளி இருக்கும் உறுப்பை நெளிவு அடைப்புக்குறிக்குள் பெயர்வெளி முகவரி, அதன் பின் பெயர் என்று காட்டும். பிழைச் செய்தியில் ஒரு பக்கம் மட்டும் நெளிவு அடைப்பு இருந்தால் கதை அங்கேயே முடிந்தது.

வழக்கமாக நடப்பது இது. ஸ்கீமாவில் டார்கெட்நேம்ஸ்பேஸ் (ஸ்கீமாவுக்குரிய பெயர்வெளி) கொடுத்திருப்பார்கள், உள் உறுப்புகளும் அதில் சேருமா என்று சொல்லும் எலிமென்ட்ஃபார்ம்டிஃபால்ட் கொடுக்க மறந்திருப்பார்கள். கொடுக்காவிட்டால் அதன் இயல்பு மதிப்பு அன்குவாலிஃபைட். அப்போது மூல உறுப்பு மட்டுமே பெயர்வெளிக்குள் இருக்கும், உள்ளே அறிவித்த பிள்ளை உறுப்புகள் வெளியே நிற்கும். கோப்பிலோ மூலத்தில் இயல்புப் பெயர்வெளி ஒன்றை அறிவித்தாலே பிள்ளைகள் எல்லாம் அதற்குள் வந்துவிடும். இரண்டும் மோதும். ஸ்கீமாவின் தலையில் எலிமென்ட்ஃபார்ம்டிஃபால்ட்டைக் குவாலிஃபைட் என்று வைத்தால் தீரும்.

உங்கள் செய்தியில் நெளிவு அடைப்பு இருந்ததா?

செக்ரோல்_சிப்பூட்:

இல்லை அண்ணே. இரண்டு பக்கமும் வெறும் பெயர்தான். ஸ்கீமாவில் டார்கெட்நேம்ஸ்பேஸ் வைக்கவே இல்லை, கோப்பிலும் பெயர்வெளி அறிவிப்பு கிடையாது.

எழுத்துரு_பட்டறை சொன்னது:

நகலெடுத்து ஒட்டினால் சரி, தட்டினால் கணினிக்குக் கணினி மாறுகிறது. இந்த ஒரு தகவலே போதும். உங்களிடம் இருப்பது இரண்டு வேறு "தொ".

தமிழில் ஒகரம், ஓகாரம், ஔகாரக் குறிகளை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறியை ஒரே குறியீட்டுப் புள்ளியாக (எழுத்துக்கோ குறிக்கோ யூனிகோடு தரும் எண்), 3018 என்று வைக்கலாம். இல்லையென்றால் எகரக் கொம்பு 3014, அதன் பின் கால் 3006 என இரண்டாக வைக்கலாம். திரையில் எழுத்துரு இரண்டையும் ஒரே மாதிரிதான் வரையும், உருப்பெருக்கிப் பார்த்தாலும் வேற்றுமை தெரியாது. யூனிகோடு இவ்விரண்டும் சமம் என்கிறது. ஆனால் எக்ஸ்எம்எல் பெயர்களை ஒப்பிடும்போது அந்தச் சமத்தைக் கணக்கில் எடுக்காது. புள்ளிக்குப் புள்ளி ஒத்தால்தான் ஒரே பெயர். ஸ்கீமாவில் ஒன்று, கோப்பில் மற்றொன்று என்றால் அது "வேறு உறுப்பு".

சோதிக்க, பிழை காட்டும் கோப்பிலிருந்து பெயரை நகலெடுத்துப் பைத்தானில் ஒட்டி, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓ-ஆர்-டி சார்பை ஓட்டுங்கள். பத்தடிமான எண் வரும். ஸ்கீமாவில் உள்ள பெயர் இப்படி இருக்க வேண்டும்:

2980 3018 2996 3007 2994 3006 2995 2992 3021

ஒன்பது எண்கள். பிழைக் கோப்பில் பத்து வரும்:

2980 3014 3006 2996 3007 2994 3006 2995 2992 3021

ஒப்பிட்டால் இரண்டாவது இடத்தில் உடைந்திருப்பது தெரியும்.

மூல உறுப்பான செக்ரோலிலும் ஓகாரம் இருக்கிறதே, அது ஏன் தப்பியது என்று கேட்கலாம். அந்தப் பெயர் உங்கள் நிரலுக்குள் நிலையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். தொழிலாளர் என்பது எக்செல் தாளின் பெயரிலிருந்தோ தலைப்பு வரியிலிருந்தோ வருகிறது, அதை யாரோ கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டும் விசைப்பலகையில் அடித்திருக்கிறார்கள். பெயர், பெரட்டுஎண் இரண்டிலும் எகரக் கொம்பு மட்டும்தான், அது எப்படித் தட்டினாலும் 3014தான். எடையில் உள்ள ஐகாரக் குறியும் ஒரே புள்ளி. அதனால் இந்த ஒரு உறுப்பு மட்டும் மாட்டியது.

தீர்வு: நிரல் கோப்பை எழுதுவதற்கு முன் முழு உரையையும் என்எஃப்சி வடிவுக்கு (பிரிந்து நிற்கும் குறிகளை ஒரே புள்ளியாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவம்) மாற்றுங்கள். பைத்தானில் யூனிகோட்டேட்டா தொகுதியின் நார்மலைஸ் சார்பு, முதல் உள்ளீடு என்எஃப்சி. ஸ்கீமா கோப்பையும் அதே வழியில் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் செய்தால் நாளை வேறொருவர் ஸ்கீமாவைத் திருத்தும்போது திரும்பவும் இதே இடத்தில் நிற்பீர்கள். எக்செல்லை வாசிக்கும் இடத்திலேயே செய்துவிடுவது இன்னும் நல்லது, அப்போது உறுப்புப் பெயரும் உள்ளடக்கமும் சேர்ந்து சரியாகும்.

என்எஃப்சி சேர்க்காத மூன்றைத் தனியாகத் தேடுங்கள்.

ஔகாரத்தில் பலர் கொம்பையும் அதன் பின் ளகர எழுத்தையும் தட்டுவார்கள். "கௌரி" என்று எழுத 3020 என்ற ஒரே குறி வேண்டும். கொம்பு 3014, பின் ள 2995 என்று அடித்தால் கண்ணுக்கு அதேதான், ஆனால் என்எஃப்சி அதைச் சேர்க்காது. கொம்போடு சேரக்கூடியது 3031 என்ற தனிக்குறி மட்டும். ள என்பது உண்மையான மெய்யெழுத்து, அதை இணைக்கக் கூடாது, இணைத்தால் "வெள்ளி" கெட்டுவிடும். ஆகவே மொத்தமாக மாற்றாமல் சொல் சொல்லாகப் பாருங்கள்.

அடுத்தது ஸ்ரீ. இதன் முதல் எழுத்து 3000 ஆகவும் இருக்கலாம், 2998 ஆகவும் இருக்கலாம். பின்னது யூனிகோடு 4.1இல், 2005இல், சேர்ந்த கிரந்த எழுத்து. பெரும்பாலான எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே கூட்டெழுத்தாகக் காட்டும். யூனிகோடு இவற்றைச் சமம் என்று சொல்லவே இல்லை, அதனால் என்எஃப்சி தொடாது. கோயில் பெயர்களை எனுமரேஷனில் (ஏற்கத்தக்க மதிப்புகளின் பட்டியல்) எழுதியிருந்தால் இது கட்டாயம் மாட்டும். இரண்டில் ஒன்றை உங்கள் வழக்காக வைத்து மற்றதை மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது, வலைப்பக்கத்திலிருந்து நகலெடுக்கும்போது ஒட்டிக்கொள்ளும் அகலமில்லா இணைப்பறு குறி. எண் 8204. கண்ணுக்கே தெரியாது. பெயர்களிலிருந்து நீக்கிவிடுங்கள்.

இன்னொன்று. புத்தகங்களை எடுத்த படங்களின் கோப்புப் பெயர்களைப் பழைய மேக் கணினியிலிருந்து பட்டியலாக எடுத்தீர்களா? ஹெச்எஃப்எஸ் பிளஸ் வட்டு கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமிக்கும். நீங்கள் எவ்வளவு ஒழுங்காகத் தட்டியிருந்தாலும் ஒகரம் இரண்டாக உடைந்து திரும்பும்.

பதிப்பு_ஐந்து சொன்னது:

இரண்டாவது சிக்கலுக்கு நான் சொல்கிறேன். இரண்டு கருவிகளும் தத்தம் விதிப்படி சரிதான், விதிப் பதிப்புதான் வேறு.

எக்ஸ்எம்எல் 1.0இன் நான்காம் பதிப்பு வரை பெயரில் வரக்கூடிய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டிருந்தார்கள். அந்தப் பட்டியலில் ஆய்த எழுத்து 2947 உயிர்க்குறிகள், புள்ளியோடு சேர்ந்து "இணையும் குறி" வகையில் இருக்கிறது. இணையும் குறி பெயரின் நடுவில் வரலாம், முதல் எழுத்தாக வர முடியாது. ஆகவே <ஃபைல்எண்> பெயரே ஆகாது. ஜாவாவின் எக்ஸ்எம்எல் வாசிப்பியான சர்சஸ் நான்காம் பதிப்பைப் பின்பற்றுகிறது.

2008இல் வந்த ஐந்தாம் பதிப்பு பட்டியலைத் தூக்கிவிட்டுப் பெரிய வீச்சுகளை வைத்தது. அதில் ஆய்தமும் முதலில் வரலாம், உயிர்க்குறிகூட முதலில் வரலாம். எக்ஸ்எம்எல்லின்ட்டின் அடியில் இருக்கும் லிப்எக்ஸ்எம்எல்2 இதைப் பின்பற்றுகிறது. எக்ஸ்எம்எல்லின்ட்டில் ஓல்டுஎக்ஸ்எம்எல்10 என்ற தெரிவைச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். பழைய விதிக்கு மாறி அதுவும் ஜாவா போலவே மறுக்கும்.

ஐந்தாம் பதிப்பின் தாராளம் உங்களுக்கு ஆபத்தும்கூட. பழைய எழுத்துருக் குறியாக்கத்திலிருந்து மாற்றிய உரையில் கொம்பு மெய்க்கு முன்னால் நின்றுவிடும், அப்போது உறுப்புப் பெயர் கொம்பிலேயே தொடங்கும். லிப்எக்ஸ்எம்எல்2 அதைப் பெயர் என்று ஏற்றுக்கொண்டு, பிறகு "எதிர்பார்க்கப்படவில்லை" என்று வேறு பிழையாகச் சொல்லும். பழைய விதியில் ஓட்டினால் குற்றம் நேராகத் தெரியும். மேலே சொன்ன 8204க்கும் 2998க்கும் இதே நிலைதான், நான்காம் பதிப்பில் இரண்டுக்கும் பெயரில் இடமில்லை. அதனால் எக்ஸ்எம்எல்லின்ட்டை எப்போதும் அந்தத் தெரிவோடு ஓட்டும்படி வைத்துவிடுங்கள்.

பெயரைக் கோப்புஎண் என்று மாற்றிவிடுங்கள். எழுத்துக்கும் நல்லது, தமிழுக்கும் நல்லது.

செக்ரோல்_சிப்பூட்:

ஐயா, எண்கள் நீங்கள் சொன்ன மாதிரியே பத்து வந்தன! தொழிலாளர் என்பது தாளின் பெயரிலிருந்துதான் வருகிறது. வாசிக்கும் இடத்தில் என்எஃப்சி சேர்த்தேன், கோப்புஎண் என்றும் மாற்றிவிட்டேன். அந்தப் பிழைகள் போயின.

இப்போது முன்பு இல்லாத வேறு பிழைகள் வரிசையாக வருகின்றன. நாள், எடை, பெயர் மூன்றிலும். முன்பு ஏன் இவற்றைச் சொல்லவில்லை? நாள் டேட் (தேதி) வகை, எடை டெசிமல் (தசம எண்). பெயருக்கு நீள வரம்பு 20, கூடவே எந்த எழுத்துகள் வரலாம் என்று சொல்லும் [அ-ஹ]+ என்ற பேட்டர்ன். கோயில் கணக்கு நோட்டுக்கும் இதே மாதிரி ஸ்கீமா எழுதியிருக்கிறோம். அதில் ஆண்டு சில இடங்களில் தமிழ் எண்ணில் இருக்கிறது.

எழுத்துரு_பட்டறை:

முன்பு சொல்லாததற்குக் காரணம்: வரிசையில் எதிர்பாராத உறுப்பு வந்தவுடன் எக்ஸ்எம்எல்லின்ட் அந்தப் பெற்றோருக்குள் மீதியைப் பார்ப்பதை விட்டுவிடும். ஒன்றைத் திருத்தினால்தான் அடுத்தது தெரியும். பிழை எண்ணிக்கை கூடியதைக் கண்டு கலங்க வேண்டாம், நீங்கள் முன்னேறியிருக்கிறீர்கள். எக்ஸ்எம்எல்லின்ட் ஓடி முடிந்ததும் தரும் முடிவுக் குறியீட்டையும் கவனியுங்கள்: 3 வந்தால் கோப்பு ஸ்கீமாவுக்குப் பொருந்தவில்லை, 5 வந்தால் ஸ்கீமாவே தப்பாக எழுதப்பட்டிருக்கிறது. 5 வந்தபோது கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தால் நேரம்தான் வீண்.

நாள்: டேட் வகை ஆண்டு-மாதம்-நாள் முறையை மட்டுமே ஏற்கும், 1961-03-14. நம் ஊரில் நாள் முதலில் எழுதுவோம், எக்செல்லும் அப்படித்தான் காட்டும். நிரலில் மாற்றுங்கள். புத்தகத்தில் இருந்தபடி காட்ட வேண்டுமானால் அதைத் தனிப் பண்பாக வையுங்கள். நாள் தெரியாத வரியில் <நாள்/> என்று வெறுமையாக விடாதீர்கள், வெற்றுச் சரம் ஒரு தேதி ஆகாது. மின்அக்கர்ஸ் (உறுப்பு குறைந்தது எத்தனை முறை வர வேண்டும்) 0 என்று வைத்து, தெரியாத இடத்தில் உறுப்பையே விட்டுவிடுங்கள்.

எடை: ½ ஓர் எழுத்து, எண்ணின் பகுதி அல்ல. 12.5 என்று எழுதுங்கள். கூலிக் கணக்கில் 1,250.50 என்று காற்புள்ளி இருந்தாலும் டெசிமல் மறுக்கும். அலகைப் பண்பாக வைத்தது மிக நல்ல முடிவு, அதை எனுமரேஷனாகக் கட்டுங்கள்: ராத்தல், காத்தி, கிலோ. ஒரு காத்தி ஒன்றேகால் ராத்தல் என்று யாராவது மனக்கணக்கில் மாற்றி எழுதிவிடுவார்கள், அது ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும். ஆகவே எடையைப் புத்தகத்தில் உள்ள அலகிலேயே ஏற்றுங்கள், மாற்றுவதைப் பிறகு நிரல் செய்யட்டும்.

எனுமரேஷனில் இன்னொரு கண்ணி. அடிப்படை வகை ஸ்ட்ரிங் என்றால் பின்னால் ஒட்டியிருக்கும் இடைவெளியும் மதிப்பின் பகுதி, "ராத்தல் " மறுக்கப்படும். அடிப்படையை டோக்கன் ஆக்கினால் முன்பின் இடைவெளி தானாகக் கழியும். ஆனால் எண் 160 கொண்ட பிரியா இடைவெளி கழியாது. சாதா இடைவெளி, தாவல், வரி முறிவு மட்டுமே கழியும்.

பெயருக்கு வருவோம், இதில் இரண்டு தப்பு சேர்ந்திருக்கிறது.

நீள வரம்பான மேக்ஸ்லெங்த் எண்ணுவது நாம் எண்ணும் எழுத்தை அல்ல, குறியீட்டுப் புள்ளியை. "பெருமாள்" நமக்கு நான்கு எழுத்து, அதற்கு 8. "கிருஷ்ணமூர்த்தி" நமக்கு 8, அதற்கு 15. "கிருஷ்ணமூர்த்தி த/பெ பெருமாள்" என்றால் 29, உங்கள் 20ஐத் தாண்டிவிட்டது. வரம்பு வைத்தே ஆக வேண்டுமென்றால் 100 வையுங்கள். பின்னால் தரவுத்தளம் பைட்டுக் கணக்கில் அளந்தால் ஒவ்வொரு தமிழ்ப் புள்ளியும் யூடிஎஃப்-8இல் 3 பைட்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

பேட்டர்ன்: [அ-ஹ] என்ற வீச்சு 2949இலிருந்து 3001 வரை. கால், கொம்பு, புள்ளி எல்லாம் 3006க்கு மேலே இருக்கின்றன. அதனால் குறியே இல்லாத "மதன" மாதிரிச் சொல்தான் உள்ளே நுழையும், "முனியம்மா" நுழையாது. எக்ஸ்எஸ்டி பேட்டர்னில் தமிழ்த் தொகுதி முழுவதையும் ஒரே பெயரால் சுட்டலாம்: பின்சாய்வுக் கோடு, சிறிய பி, நெளிவு அடைப்புக்குள் "இஸ்டமிழ்" (ஆங்கிலத்தில், இரண்டு சொல்லும் ஒட்டி, தொடக்க எழுத்து இரண்டும் பெரிய எழுத்து). அது 2944இலிருந்து 3071 வரை பிடிக்கும். த/பெ, த/மகள், முதலெழுத்துப் புள்ளி இருப்பதால் சாய்கோடு, முற்றுப்புள்ளி, இடைவெளி மூன்றையும் அதே சதுர அடைப்புக்குள் சேருங்கள். பேட்டர்னின் முன்னும் பின்னும் கூரைக் குறியும் டாலர் குறியும் போட வேண்டாம். எக்ஸ்எஸ்டியில் பேட்டர்ன் எப்போதும் முழு மதிப்புக்கும்தான் பொருந்தும், அந்தக் குறிகளை அது வெறும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும்.

கோயில் நோட்டு: பேட்டர்னில் இலக்கத்தைக் குறிக்கும் பின்சாய்வு-டி என்பது எக்ஸ்எஸ்டியில் எல்லா மொழி இலக்கங்களையும் ஏற்கும், தமிழ் இலக்கங்கள் 3046 முதல் 3055 வரை உட்பட. அதனால் ௧௯௫௭ பேட்டர்னில் தேறிவிடும், ஆண்டுக்கான ஜிஇயர் வகையில் தோற்கும். பத்து, நூறு, ஆயிரத்தைக் குறிக்கும் ௰, ௱, ௲ மூன்றும் இலக்க வகையே இல்லை, பேட்டர்னிலும் தோற்கும். ஆண்டை 1957 என்று ஜிஇயரில் ஏற்றி, நோட்டில் உள்ள வடிவைத் தனி உறுப்பில் சரமாக வையுங்கள்.

கெடா_நிரலர்:

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. பெரட்டு எண்ணை ஐடி வகையாக்கலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். ஐடி ஒரு பெயர், இலக்கத்தில் தொடங்க முடியாது, 1042 மறுக்கப்படும். போதாததற்கு ஐடி கோப்பு முழுவதிலும் ஒருமுறைதான் வரலாம், ஆனால் அதே தொழிலாளி ஒவ்வொரு நாளும் வருவார். பெரட்டு எண்ணும் நாளும் சேர்ந்து திரும்ப வரக் கூடாது என்று யூனிக் விதி எழுதுங்கள், செலக்டர் (எந்த உறுப்புகளைப் பார்ப்பது) ஒன்று, ஃபீல்டு (அவற்றுள் எதை ஒப்பிடுவது) இரண்டு. நாள் விடுபட்ட வரியை யூனிக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும், கீ விதியானால் அதைப் பிழை என்று சொல்லும். உங்களுக்கு யூனிக்தான் பொருத்தம்.

நாளைக்கு ஸ்கீமாவில் பெயர்வெளி சேர்த்தால் இந்த விதியைக் கட்டாயம் திருத்துங்கள். செலக்டரில் முன்னொட்டு இல்லாத பெயர் பெயர்வெளி இல்லாத உறுப்பையே தேடும். ஒன்றும் கிடைக்காது, பிழையும் சொல்லாது, எல்லாக் கோப்பும் தேறிவிடும். ஒரு கோப்பில் வேண்டுமென்றே ஒரே வரியை இரண்டு முறை ஒட்டி ஓட்டிப் பாருங்கள். எக்ஸ்எம்எல்லின்ட் சத்தம் போட்டால்தான் விதி வேலை செய்கிறது.

செக்ரோல்_சிப்பூட்:

ஒட்டிப் பார்த்தேன் அண்ணே, இரண்டாவது வரியில் பிடித்துவிட்டது. கோயில் பெயர்ப் பட்டியலில் ஸ்ரீ இரண்டு விதமாகவும் இருந்தது, 3000க்கே எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். பெரிய கோப்பு ஒன்றில் மட்டும் பிழை எல்லாம் வரி 65535 என்றே வருகிறது, அங்கே போனால் ஒன்றும் இல்லை.

பதிப்பு_ஐந்து:

லிப்எக்ஸ்எம்எல்2 உறுப்பின் வரி எண்ணை 16 பிட்டில் வைத்திருந்த காலத்து வரம்பு அது, 65,535க்கு மேல் ஏறாது. உண்மையான பிழை அதற்குப் பின்னால் எங்கோ இருக்கிறது. கோப்பை மாதம் மாதமாகப் பிரித்து ஓட்டுங்கள், வரி எண் சரியாக வரும். செக்ரோல் புத்தகமும் மாதத்துக்கு ஒன்றுதானே.